சீட்டில் சுற்றிய மாத்திரைகள்

கொழுவனாக்குன்னு,
மார்ச் 12, நோன்பின் இரண்டாம் வாரம்.

அன்புள்ள லில்லிக்குட்டிக்கு,

யேசுவுக்குத் தோத்திரம். மடத்தில் எல்லோருக்கும் நீ சிஸ்டர் பெனீற்றாவாக இருக்கலாம். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ மாங்காய்ச் சாறு வழிய வாசலில் நின்ற லில்லிக்குட்டி; எனக்கு இன்றைக்கும் அதுதான். உன் முழங்கால் வீக்கம் எப்படியிருக்கிறது? அங்கே ஜார்க்கண்டில் வெயில் தொடங்கியிருக்கும். இங்கே குருமிளகு பறித்துக் காயப்போட்டாயிற்று. பசு கன்று போட்டது, கிடேரி.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்கும்போதெல்லாம் சுகம் என்றுதான் சொல்கிறேன். உன் அண்ணன், நம் இச்சாயன், காதை இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? அதனால்தான் எழுதுகிறேன். எச்சில் கூட்டி விழுங்கிக்கொண்டு படி. இது சுகமான கடிதமல்ல.

உன் இச்சாயனின் இடது கன்னம் இப்போது இல்லை. புகையிலை தின்ற இடம் முழுக்கப் புற்று அரித்து, வெளியிலிருந்து பார்த்தாலே பல் தெரிகிறது. கஞ்சி ஊட்டினால் பாதி அந்த ஓட்டை வழியாகத் தலையணைக்குப் போகிறது. பேச்சு குழறிவிட்டது, எனக்கு மட்டும்தான் புரியும். போன செவ்வாய்க்கிழமை துணியை எடுத்தபோது உள்ளே ஏதோ நெளிந்தது. நர்ஸ் ஷைனி டர்பன்டைன் எண்ணெய் விட்டு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். எண்ண வேண்டாம் என்றாள். நான் கிணற்றடிக்குப் போய்க் குடலே வெளியே வரும்படி வாந்தியெடுத்தேன். முப்பத்திரண்டு வருஷம் கூடப் படுத்த மனுஷனைப் பார்த்து எனக்குக் குமட்டியது, லில்லிக்குட்டி. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் புழுக்களைவிட என்னைக் குமட்டவைப்பது மனுஷர்கள்.

வீடு வீடாக வந்து வலிக்கு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி ஜீப் செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. அதில் வரும் ஷைனி கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையைக் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவு பத்துக்கு மட்டும் இரண்டு. அதைச் சாப்பிட்டால் மலம் கட்டுமாம், அதற்காக வயிறு இளக்க ஒரு மருந்து. நான் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். ஷைனி வந்து, வலி பத்தில் எவ்வளவு என்று கேட்பாள். இவர் இரண்டு விரலைக் காட்டுவார். கண்ணில் தண்ணீர் கொட்டும், கட்டில் சட்டத்தைப் பிடித்த கை வெளுத்துப்போயிருக்கும், விரல் மட்டும் இரண்டு.

இதற்குள் ஊரில் இவரைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது. குரியாச்சன் வலியையெல்லாம் கர்த்தருக்குக் காணிக்கை வைக்கிறார், ஒரு முனகல்கூட இல்லை, புண்ணியவான் என்று. மாதர் சங்கத்துத் தெரேசக்குட்டிதான் முதலில் வந்தாள், கையில் ஒரு சீட்டு. மகள் ஜெர்மனிக்குப் போக மொழிப் பரீட்சை எழுதுகிறாளாம். சேட்டனின் சாயங்கால வலியை அதற்காக ஒப்புக்கொடுக்க வேண்டுமாம். அடுத்த வாரம் ஐந்து பேர், அதற்கடுத்த வாரம் பதினொன்று. விசா, மருமகளுக்குக் குழந்தை, கல்லறைத் தகராறு, எல்லாம் சீட்டில் வந்தது. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு கட்டிலருகே சீட்டை வைத்துவிட்டு, வெளியே வந்து என் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதுதான். புழு வந்ததைக் கேள்விப்பட்டுத் தெரேசக்குட்டி சொன்னதைக் கேள்.

"புண்ணியவான்களுக்கும் புழு இருந்துச்சு ஏலிச்சேச்சி. நீங்க குடுத்து வெச்சவங்க."

ஒரு புழுவை அவள் காப்பியில் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். தோன்றாமல் போய்விட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை இச்சாயனுக்கு வயிறு போய்க்கொண்டே இருந்தது. நான்கு தடவை படுக்கையை மாற்றினேன். ஷைனி அதைப் பார்த்தாள். பிறகு என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"இந்த மாத்திரை உள்ள போயிருந்தா வயிறு கட்டணும் சேச்சி. இவருக்குப் போகுதுன்னா, இளக்குற மருந்து மட்டுந்தான் உள்ள போகுது. மாத்திரை எங்க போகுதுன்னு பாருங்க."

பார்த்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தச் சீட்டுகளைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தேன். ஒவ்வொரு சீட்டும் சிறு பொட்டலமாக மடிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் எச்சிலும் சீழும் ஊறிக் கரைந்து ஒட்டிய ஒரு மாத்திரை. நான் வாயில் வைத்ததை நல்ல பக்கத்துக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நான் திரும்பியதும் துப்பி, சீட்டில் சுற்றியிருக்கிறார். விழுங்காத ஒவ்வொரு மாத்திரையும் அந்தச் சீட்டுக்காரருக்கு. மாலை ஆறு மணியுடையது ஜெர்மன் பரீட்சைக்கு. இரண்டு மணியுடையது விசாவுக்கு. பக்கத்துத் தோட்டத்து வாக்கச்சன் சீட்டும் இருந்தது. எல்லைக் கேஸ் ஜெயிக்க வேண்டுமென்று எழுதியிருந்தான். அந்தக் கேஸ் நம்மேல் போட்ட கேஸ். அதற்கும் ஒரு மாத்திரை சுற்றியிருந்தது.

அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இதற்குமா என்று கேட்டேன். குழறிக் குழறிச் சொன்னார்.

"கேட்டுட்டானேடி. பாவம்."

இரண்டிரண்டாகச் சுற்றிய பொட்டலங்கள் தனியாக இருந்தன. பத்து மணி மாத்திரைகள். அந்தத் தாள்களில் உன் அண்ணன் கையெழுத்திலேயே ஒரே பெயர். ஜிபின். எல்லாவற்றிலும் ஜிபின்.

நம் பிள்ளை பாவசங்கீர்த்தனம் செய்யாமல், குடித்துவிட்டு, பைக்கோடு பாலத்திலிருந்து விழுந்து செத்து ஒன்றரை வருஷமாகிறது. அப்போது நீ இச்சாயனுக்கு ஒரு கடிதம் எழுதினாயே, நினைவிருக்கிறதா? வலியை வீணாக்காதீர்கள், நீங்கள் சகிக்கிற ஒவ்வொன்றும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் தீர எரிகிற ஜிபினுக்குப் போய்ச் சேரும் என்று. அப்போது அவருக்கு இருந்தது பல்வலி என்றுதான் நாம் எல்லோரும் நினைத்தோம். ஆறுதலுக்கு எழுதினாய், தெரியும். அந்தக் கடிதம் இன்றும் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பங்குச் சாமி விகாரியச்சன் மூன்று தடவை வந்து, மருந்து சாப்பிடுவது பாவமில்லை, கர்த்தர் இதைக் கேட்கவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். சீட்டோடு யாரும் இங்கே வரக்கூடாதென்று போன ஞாயிறு பலிபீடத்திலிருந்தே கண்டித்தார். இச்சாயன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையணையைத் தூக்கி உன் கடிதத்தைக் காட்டினார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். அவர் சம்மதிக்காமல் கொடுக்கக்கூடாதென்று ஷைனி சொல்லியிருந்தாள். கேட்கவில்லை. சனிக்கிழமை காலைக் கஞ்சியில் ஒரு மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். நான்கு மணி நேரம் தூங்கினார், லில்லிக்குட்டி. நெற்றிச் சுருக்கம் போயிற்று. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை தானாகத் திறந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அழுதார். அழுதால் கண்ணீர் அந்த ஓட்டைக்குள் இறங்கி எரியும், அதோடு அழுதார்.

"நாலு மணி நேரம் பையன் தனியா எரிஞ்சானேடி. நீ என்ன செஞ்சுட்ட?"

அன்றிலிருந்து என் கையால் கஞ்சி குடிப்பதில்லை. இன்றோடு மூன்று நாள். ஷைனி இப்போது தினமும் வருகிறாள்; அவள் கையால் தண்ணீர் மட்டும். நான் உள்ளே நுழைந்தால் வாயை மூடுகிறார். மூடினாலும் பாதி திறந்துதான் இருக்கிறது.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். இவ்வளவு எழுதியபிறகு அதற்குத் தெம்பில்லை. நீ கட்டியது, நீதான் அவிழ்க்க வேண்டும். அவருக்கு ஒரு கடிதம் எழுது. மடத்துத் தாளில், உன் கையெழுத்தில். ஜிபின் கரையேறிவிட்டான், போதும் இச்சாயா, இனி மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்று எழுது. ஜெபத்தில் தெரிந்தது என்று சொல்லு, கனவு என்று சொல்லு, உனக்கு எது வாய்க்கிறதோ அது. பொய்யென்றால் அந்தப் பாவம் என் தலைமேல்.

எனக்குத் தனியாக ஒரு பதில் வேண்டும். வேறு தாளில் எழுது. வலியைக் காணிக்கை வைக்கலாமென்றால் அருவருப்பையும் வைக்கலாமா? சீழ் துடைத்தது, படுக்கை மாற்றியது, புழுவைப் பார்த்தது, என் புருஷனைத் தொட எனக்கே கூசியது, தெரேசக்குட்டிக்குக் காப்பி போட்டது எல்லாம் என்னிடம் நிறைய இருக்கிறது. நானும் அவனைப் பெற்றவள்தானே. அவனுக்கு இன்னும் ஏதாவது பாக்கியிருந்தால் இதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். இச்சாயனை விட்டுவிடட்டும்.

கர்த்தர் உன் முழங்காலுக்குச் சுகம் தரட்டும். வலித்தால் மாத்திரை போட்டுக்கொள், சகிக்காதே.

என்றும் உன் அண்ணி,
ஏலிக்குட்டி.

பின்குறிப்பு: அவருக்கு எழுதுவதைப் பெரிய எழுத்தில் எழுது. கண்ணாடி இனி அந்தக் கன்னத்தில் நிற்காது. என்னைப் படித்துக் காட்டச் சொல்ல மாட்டார்.