பனி ஏரியில் நாயைத் துரத்தச் சொன்னவளுக்கு

என் ரெஜினா அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. திண்டிவனத்தில் உன் கல்லறைக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பிவிட்டேன். சொல்ல வேண்டிய சேதி அப்படி. இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நம்ம கேம் ஸ்டூடியோவை வாங்கிய கம்பெனியில் தமிழ் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் அவரும் உட்கார்ந்து படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. நீ பார்க்காமலே போன நம்ம கேம் வெளியே வந்துவிட்டது. காணாமல் போன தங்கையைத் தேடி ஒருத்தி பனிமலையில் தனியாக நடப்பாளே, அதுதான். வெளிநாட்டில் பரிசு கொடுத்தார்கள் அக்கா. எதற்குத் தெரியுமா? சத்தத்துக்கு. உன் சத்தத்துக்கு.

பனியில் கால் புதைகிற சத்தத்தைக் கேட்டு உடம்பே நடுங்கியதாக எழுதினார்கள். கூட்டேரிப்பட்டில் டயர் கடைக்கு மேலே, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்த அந்தப் பின்னறையில், மே மாதத்தில், ஃபேன் சத்தம் விழக்கூடாது என்று அதையும் நிறுத்திவிட்டு நீ செய்த பனி அது. அரிசி மாவு சரிப்படவில்லை என்று கேப்பை மாவை வேட்டித் துணியில் இறுக்கிக் கட்டி அமுக்கினாய். ஏரியின் ஐஸ் விரிசல் விடுவது எங்கள் கொல்லையில் விளைந்த மல்லாட்டை. வக்கீலுக்குச் சொன்னால் வேர்க்கடலை. மைக்குக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக உடைத்தாய். உடைத்ததைப் பாதி நான் தின்றேன். நம்மில் ஒருத்தர்கூடப் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது மற்ற சேதி. நம்ம ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள்.

பரிசு வந்து சில மாதம்தான் இருக்கும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு எல்லோரையும் வீடியோ காலில் உட்காரச் சொன்னார்கள். திரையில் வந்த ஆள் முதலில் அந்தப் பனியைப் பாராட்டினான். நிஜமாகவே சிரித்துக்கொண்டு பாராட்டினான். அதே சிரிப்போடு, இன்றோடு ஸ்டூடியோ இல்லை என்றான். வேலையின் தரத்துக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லையாம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அப்புறம் எதற்குத்தான் சம்பந்தம் என்று கேட்டேன். கம்பெனி போகும் திசை மாறிவிட்டதாம். வீடியோ கால் முடிவதற்குள் எங்கள் பாஸ்வேர்டு எதுவும் வேலை செய்யவில்லை. பேசிக்கொண்டே பூட்டியிருக்கிறார்கள்.

ஏன் மூடினார்கள் என்று நாலு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். நல்ல கேம் என்று உலகமே சொன்ன பிறகு ஏன்? எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். நம்ம கேம் ஒன்பது மணி நேரத்தில் முடிந்துவிடும். விளையாடினவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முடியவே முடியாத கேம் வேண்டும் அவர்களுக்கு. தினமும் வந்து, தினமும் ஒரு தொப்பிக்கும் ஒரு கத்திக்கும் பர்ஸைத் திறக்கிறவன் வேண்டும். பாராட்டை வைத்து என்ன செய்வது, நாக்கிலா தடவிக்கொள்வது?

அதோடு, நம்மை வாங்கிய பெரிய அதிகாரி போய் வேறொருத்தர் வந்துவிட்டார். முன்னவர் வாங்கிப் போட்டதை எல்லாம் வெட்டிக் காட்டினால்தான் புதியவர் கெட்டிக்காரர். வெட்டியதாக அறிவித்த அன்றைக்குப் பங்கு விலை ஏறும். கேம் அவர்களிடமே இருக்கிறது, இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சோறு வெந்து இறக்கியாச்சு, சமைத்தவளுக்கு எதற்குச் சம்பளம்? இதைத்தான் திசை என்கிறான் அந்த நல்ல மனுஷன்.

அடுத்த கேமுக்கு நாம் மூன்று வருஷம் கேட்டிருந்தோம். அந்த மூன்று வருஷமும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, செலவு மட்டும்தான். பனமலையில் என் அப்பாவிடம் சொன்னேன். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மல்லாட்ட புடுங்குன மறுநாளு கொல்லி காலியாத்தாம்மா கெடக்கும். அதப் பாத்துட்டு நெலமே வேஸ்ட்டுன்றானா? அவன் இன்னா ஆளு?" எந்த ஆள் என்று எனக்கும் தெரியவில்லை. அவன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை எனக்கு.

அவர்கள் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது அக்கா. கம்பெனியை விற்கலாமா என்று பதினோரு பேரில் பத்துப் பேர் கை தூக்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ ஒருத்திதான் தூக்கவில்லை. "நம்மள எதுக்கு வாங்கறாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா? நம்ம கேமு புடிச்சி வாங்கறானா, இல்ல வாங்கனேன்னு கணக்கு காட்ட வாங்கறானா?" என்றாய். நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "உனக்கு இன்னாக்கா, மாமா சம்பளம் வருது, நீ பேசுவ." இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்தாய். நான் மன்னிப்புக் கேட்காமலே சாப்பிட்டேன். இப்போது கேட்கிறேன். நீ சொன்னது சரி. நான் சொன்னது அசிங்கம்.

ஸ்டூடியோ மூடிய வாரத்தில் சேவியர் மாமா வந்தார். தான் ஓட்டும் விழுப்புரம் பஸ்ஸைத் திண்டிவனத்தில் நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு என் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. "கலா, தப்பா நெனச்சிக்காதம்மா. என் போனு தண்ணியில உழுந்து பூடுச்சி. அவ பேசி அனுப்பனது எல்லாம் அதுலதான் இருந்திச்சி. உங்க ஆபீஸ்ல அவ குரலு எதுனா இருந்தா குடேன். ஒரே ஒரு வார்த்த இருந்தாலும் போதும்."

நீ ஒலிப்பதிவு செய்த ஒவ்வொரு துண்டிலும் நீ பேசுவாய். எத்தனையாவது முறை என்று சொல்லுவாய், என்னைத் திட்டுவாய், பசிக்கிறது என்பாய். எல்லாம் நம்ம ஸ்டூடியோ சர்வரில் இருந்தது. அதைத்தான் பூட்டிவிட்டார்கள். மூன்று முறை எழுதிக் கேட்டேன். கேம் வேண்டாம், பனி வேண்டாம், இறந்துபோன ஒருத்தி பசிக்கிறது என்று சொன்னதை அவள் புருஷனுக்குக் கொடுங்கள் என்று எழுதினேன். ஒலிப்பதிவுகள் அனைத்தும் கம்பெனியின் சொத்து, பகிர இயலாது, வருந்துகிறோம் என்று பதில் வந்தது. உன் பசியும் அவர்கள் சொத்தாம் அக்கா. நாசமாய்ப் போகட்டும்.

இதில் என்னை அறுக்கிற விஷயம் வேறு. அந்தப் பதிவுகளில் உன் குரலை வெட்டி எடுப்பதுதானே என் வேலை? சத்தம் மட்டும் சுத்தமாக வேண்டும் என்பார்கள். இரண்டு வருஷம் உட்கார்ந்து உன் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டேன். நல்ல வேலைக்காரி என்று பெயர் வேறு.

ஆனால் ஒரு இடத்தில் தவறவிட்டிருந்தேன். உறைந்த ஏரியின் நடுவில் அசையாமல் கொஞ்ச நேரம் நின்றால் ஐஸ் முனகும். அந்தத் துண்டின் கடைசியில் நீ இருக்கிறாய். "ஏய் கலா, அந்த நாயத் தொரத்துடி, கத்திக்கினே கீது." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. பின்னணியில் மனிதக் குரல் கேட்கிறது, நீக்கவும் என்று பெரிய ஆபீஸின் சோதனைக்காரர்கள் எழுதி அனுப்பினார்கள். அது என் பெயருக்குத்தான் வந்தது. உன்னை அடக்கம் செய்து மூன்றாவது வாரம். ஃபைலைத் திறந்தேன், வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்தேன். கை ஓடவில்லை. மூடிவிட்டு, சரிசெய்தாயிற்று என்று பதில் எழுதினேன்.

வெளியே வந்த பிறகு விளையாடியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? காணாமல் போன தங்கை ஐஸுக்கு அடியிலிருந்து கூப்பிடுகிறாளாம். எந்த மொழி என்று தெரியாமல் பக்கம் பக்கமாக ஆராய்ச்சி. பரிசு கொடுத்தவர்கள்கூட அந்த இடத்தைத்தான் புகழ்ந்தார்கள். டயர் கடை நாய்க்கு அதில் பங்கு உண்டு என்று யாருக்குத் தெரியும்?

நாம் செய்த கேமை அவர்கள் கடையிலேயே காசு கொடுத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா வந்தார். அந்தக் கன்ட்ரோலரை ஸ்டீரிங் மாதிரி மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, பிரேக் எங்க கீது இதுல?" என்றார். பள்ளத்தில் விழுந்தார். ஓநாய் கடித்தது. மறுபடி பள்ளம். நானே கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்றேன். "வேணாம், நானே போறேன்" என்றுவிட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார்.

நாலாவது ஞாயிறு ஏரிக்கு வந்து சேர்ந்தார். "மாமா, நில்லுங்க. கைய எடுத்துடுங்க" என்றேன். கன்ட்ரோலரைத் தரையில் வைத்தார். காற்று அடித்தது. எங்கள் மல்லாட்டை உடைந்தது. அப்புறம் நீ பேசினாய்.

மாமா அழவில்லை. "எந்த நாயி?" என்று கேட்டார்.

"டயர் கடை நாயி மாமா. இன்னும் அங்கதான் கீது."

"திரும்ப வருமா?"

"அசையாம இருந்தா வரும் மாமா."

அவ்வளவுதான். சோறு ஆறிப்போனது. கூப்பிட்டாலும் வரவில்லை. கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க வண்டி ஓட்டுகிற மனுஷன் ஒரு விரல்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். நீ மறுபடி மறுபடி நாயைத் துரத்தச் சொன்னாய்.

இதை எழுதினால் அவர்களுக்குத் தெரிந்துவிடாதா என்று நீ கேட்பாய். தெரியட்டும். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எதற்குள் எதைப் பூட்டி வைத்தோம் என்று தெரிந்த பத்துப் பேரையும் வெளியே அனுப்பியாயிற்று. உன்னை வெட்டி எடுக்க அவர்களிடம் ஒரு கை இல்லை. நாளைக்கே கடையிலிருந்து கேமை எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை. கேம் ஓடுகிற அந்தப் பெட்டியை நெட்டிலிருந்து பிடுங்கி மாமா வீட்டில் வைத்துவிட்டேன். புதுசாக எதை அனுப்பினாலும் அதற்குள் போகாது.

கல்லறைத் திருநாளுக்கு மாமாவோடு வருவேன். இந்த முறை பேசுவேன். அப்புறம் இன்னொரு வாக்கும் தருகிறேன் அக்கா. நீ அன்றைக்கு அத்தனை தடவை சொல்லியும் சோம்பேறித்தனத்தில் நான் அந்த நாயைத் துரத்தவில்லை. அது குரைக்காமல் இருந்திருந்தால் நீ பேசியிருக்க மாட்டாய். போகும்போதெல்லாம் பிஸ்கட் போடுகிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை அந்த நாயை ஒருத்தரையும் துரத்த விடமாட்டேன்.

உன் சொல்பேச்சுக் கேட்காத தங்கச்சி,
கலா