மே இருபது கடைசி நாள்

பிப்ரவரி 8, 2015. ஞாயிறு

பூசை முடிந்ததும் அருமனைக்குப் போய் சகாயம் மாமா கடையில் எங்கள் விளக்கு தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் தலையில் கட்டுகிற விளக்கு. மற்றதைவிட இரண்டு மணி நேரம் கூட எரிகிறதாம். அதற்குள் இருக்கும் சிப் ஒரு அரிசிமணி அளவுகூட வராது. அதன் லேஅவுட்டை நான் எட்டு மாதம் வரைந்தேன். எந்த டிரான்சிஸ்டர் எங்கே உட்கார வேண்டும், எந்த இணைப்பு எதற்கு மேலே ஓட வேண்டும், எல்லாம் அடுக்கடுக்காக.

மாமா விளக்கைக் காட்டி, "ஆருட்டி இத செஞ்சது?" என்றார். "நாந்தான்" என்றேன். "போட்டி, சும்மா பீத்தாத" என்று சிரித்தார். சிரிக்கட்டும்!

யோசனை பெனினும் நானும் சேர்ந்து போட்டது. கல்லூரியில் ஒரே வகுப்பு. கம்பெனி அவன் பேரில், வரைந்தது நான், உரிமை பாதிக்குப் பாதி. எழுத்து ஒன்றும் இல்லை. என் தங்கை லிஜாவைக் கட்டப் போகிறவனிடம் பத்திரம் கேட்கவா முடியும்? ஈஸ்டர் கழிந்து ஏப்ரலில் கல்யாணம். 'மூத்தவ நிக்கும்போ எளையவளுக்கா' என்று ஊர் கேட்கிறது. கேட்டுவிட்டுப் போகட்டும்.

மார்ச் 1

கல்யாணம் மே 25-க்கு மாறிவிட்டது. மாப்பிள்ளையின் அண்ணனுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லையாம். அம்மாவுக்குத்தான் மண்டப அலைச்சல்.

மார்ச் 24

ஸ்மைலின் போன் செய்தாள். திருவனந்தபுரத்தில் என்னோடு வேலை பார்த்தவள். "ஷீஜா, உங்க லேஅவுட்டுக்கு டெல்லியில பதிவு கேட்டிருக்கு, விளம்பரம் வந்திருக்கு. உன் பேரக் காணலியே?" என்றாள். அவள் அனுப்பியதை மூன்று தடவை படித்தேன். விண்ணப்பதாரர் பெனின். உருவாக்கியவர் பெனின். விளம்பர தேதி பிப்ரவரி 20.

எழுத்துப்பிழை மாதிரி ஏதாவது இருக்கும். இருக்குமா?

மார்ச் 25

பிழை இல்லை. நேரே போய்க் கேட்டேன். கொஞ்சமாவது முழிப்பான் என்று நினைத்தேன், முழிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இருங்க மைனி. எல்லாம் ஒரு குடும்பந்தானே, யாரு பேருல இருந்தா என்ன?"

பத்து வருசமாக 'ஏட்டி ஷீஜா' என்று கூப்பிட்டவன். இன்றைக்கு முதல்முறையாக முறை வைத்து மைனி. கூட்டாளியாக இருந்தவளை ஒரே சொல்லில் பெண்வீட்டுக்காரி ஆக்கிவிட்டான். "ஒரு குடும்பம்னா எனக்க பேரையும் போடு" என்றேன். "அதெல்லாம் கம்பெனி விஷயம், கெடந்து பெகளம் வைக்காதீங்க" என்றான்.

கம்பெனி விஷயமாம். அப்போ நான் யாருலே?

ஏப்ரல் 9

குழித்துறை வக்கீல் மத்தியாஸ். முப்பது வருசமாக ரப்பர் தோட்டத்து எல்லை வழக்குகள் பார்க்கிறவர். சிப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் ஒரு வாரம் உட்கார்ந்து சட்டத்தைப் படித்திருக்கிறார். "இதும் எல்லைக் கேசுதான் மக்கா, நெலம் மட்டும் ரெம்ப சின்னது" என்றார்.

விளம்பரம் வந்து மூன்று மாதத்துக்குள் எதிர்ப்பு கொடுக்க வேண்டும். மே 20 கடைசி நாள். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் நடக்காது. இன்னொன்றும் சொன்னார். சம்பளத்துக்கு வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிவு செய்யும் உரிமை முதலாளிக்குத்தான்.

"சம்பளம் வாங்கல" என்றேன். "எதுலயாவது ஒப்பு போட்டியா?" என்றார்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாதாமாதம் பஸ் செலவுக்குக் கொடுத்தான். ஆடிட்டர் கேட்கிறார் என்று 'சம்பளம்' என்று அடித்த தாளை நீட்டினான். படித்துப் பார்த்துத்தான் போட்டேன். சிரித்துக்கொண்டே போட்டேன். கூட இருந்தே குழி பறிப்பதென்று கேட்டிருக்கிறேன். இவன் மண்வெட்டியையும் என் கையிலேயே தந்திருக்கிறான்.

ஏப்ரல் 12

அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். "லிஜா காதுக்கு எட்டப்படாது மக்ளே, அது தாங்காது." சரி என்றேன்.

மே 3

கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். லிஜா பெயரும் பெனின் பெயரும். இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று முடித்தார் சாமியார். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நான் என்ன, பூசை நடுவே எழுந்து நிற்பேன் என்றா நினைத்தாள்?

மே 10

இரண்டாம் ஓலை. மத்தியாஸ் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை. லிஜா முகத்தைப் பார்த்தால் கை வரவில்லை.

மே 17

மூன்றாம் ஓலை. சாமியார் தேதியைச் சொன்னபோதுதான் உறைத்தது. மே 25. எதிர்ப்புக்குக் கடைசி நாள் 20. ஏப்ரலிலேயே கல்யாணம் முடிந்திருந்தால் நான் நிம்மதியாக எதிர்ப்பு கொடுத்திருப்பேன். கல்யாணம் வரை இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டு மாற்றியிருக்கிறான். துபாயும் இல்லை, லீவும் இல்லை!

மத்தியானம் லிஜா கண்ணாடி முன்னால் கல்யாண ஜாக்கெட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனியும் மறைத்தால் நான் மனுஷியா என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "கல்யாணத்த எதுக்கு மாத்துனான்னு தெரியுமாட்டி ஒனக்கு?"

திரும்பவில்லை. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். "தெரியும்க்கா. மாத்தச் சொன்னதே நாந்தான்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒனக்கு எங்க போனாலும் ஜோலி கிட்டும். எனக்கு அவரு மட்டுந்தான். சின்னதுலேருந்து எல்லாம் ஒனக்க பேருல. மார்க்கு, மெடலு, அப்பாவுக்க பெரும, எல்லாம். இது ஒண்ணாவது எனக்க வீட்டுல இருக்கட்டு."

பெனின் செய்தது திருட்டு. திருடனைத் திட்டலாம், சபிக்கலாம். இவளை நான் என்ன செய்ய? பத்தாவது வரை தலை பின்னிவிட்டவள் நான். ஜாக்கெட்டின் பின் ஊக்கு அவளுக்கு எட்டவில்லை. போட்டுவிடுக்கா என்றாள். போட்டுவிட்டேன்! ஏன் போட்டேன் என்று இப்போதுவரை புரியவில்லை.

மே 18

காலையில் மத்தியாஸ் அலுவலகம். கையெழுத்துப் போட்டேன். திருவனந்தபுரம் போய் விமானக் கூரியரில் அவருடைய டெல்லி நண்பருக்கு அனுப்பினோம்.

வீட்டில் அம்மா: "ஒரு ஆழ்ச்ச பொறுக்கப்படாதா மக்ளே? கல்யாணம் கழியட்டு."

"அது கழிஞ்சா நாளும் கழிஞ்சிரும்மா."

மே 20

எதிர்ப்பு மனுவை டெல்லியில் வாங்கிக்கொண்டார்கள், விசாரணை இனிமேல்தான். மாலை நாலு மணிக்குச் செய்தி வந்தது.

மே 25

போனேன். கடைசி பெஞ்சில் இருந்தேன். போட்டோவுக்கு யாரும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 14

பெனினின் பதில் வந்தது. நான் ஒப்புப் போட்ட அத்தனை தாள்களும் நகலெடுத்து வைத்திருக்கிறான். அதை எதிர்பார்த்தேன். கடைசியில் இணைத்திருந்ததை எதிர்பார்க்கவில்லை. லிஜாவின் வாக்குமூலம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஷீஜா என்றொரு நபர் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குப் படம் வரைந்தார். என் கணவர் சொல்லச் சொல்ல அவர் வரைந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்."

இரண்டு பக்கம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினேன். அக்காள் என்று ஒரு இடத்திலும் இல்லை. ஒரு நபராம்ல்லா நான்!

அம்மாவிடம் காட்டவில்லை.

செப்டம்பர் 16

நாலு பக்கம் மறுப்பு எழுதி மத்தியாஸிடம் கொண்டுபோனேன். 'என் தங்கை லிஜா சொல்வது பொய்' என்று தொடங்கியிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மக்கா, தங்கச்சி எல்லாம் இதுல வேண்டாம். சாட்சின்னு போடு. அங்க ஒறவு செல்லாது."

அவர் மேசையிலேயே உட்கார்ந்து திருத்தினேன். பதினோரு இடத்தில் தங்கை என்று எழுதியிருக்கிறேன். முதல் இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. கடைசி நாலைந்தும் சட்டென்று முடிந்துவிட்டன.