பம்ப்பைப் போட்ட பிறகு

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டாவது படுக்கிறேன்.

எங்கள் பினாங்கு லேப்பில் காயத்ரி அக்காவின் மூன்று வருட உழைப்பு ஒரே ஒரு வரைபடத்தில் நிற்கிறது. டேப்பால் ஒரே அடுக்காக உரித்தெடுத்த குறைக்கடத்தித் துணுக்கு, தடிமன் மூன்றே அணு. மின்னழுத்தத்தை ஏற்றும்போது மின்னோட்டம் ஒரு கோட்டில் போகிறது, இறக்கும்போது வேறு கோட்டில் திரும்புகிறது. முன்பு கொடுத்ததைத் துணுக்கு ஞாபகம் வைத்திருக்கிறது என்பது அக்காவின் முடிவு. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கிறார்.

வெற்றிடத்திலும் ஒருமுறை அளந்து தரச் சொல்லியிருந்தார். காலையிலேயே பம்ப்பைப் போட்டுக் காற்றை உறிஞ்சவிட்டு, மத்தியானம் அளந்தேன். இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன. மூன்று தடவை பார்த்தேன். ஞாபகம் வைத்திருந்தது துணுக்கு இல்லை, அதன்மேல் படிந்திருந்த பினாங்குக் காற்றின் ஈரம்.

ஐந்து மணிக்கு அக்கா போன் செய்தார். "ரிசல்ட் வந்துச்சா? நான் குவீன் ஸ்திரீட்ல வைவாவுக்குப் புடவை பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"பம்ப் கொஞ்சம் சரியில்லக்கா" என்றேன்.

"பரவால்ல லா, நாளைக்குப் பார்த்துக்கலாம். நீ போய்ச் சாப்பிடு."

போனை வைத்துவிட்டு வால்வைத் திறந்தேன். அறைக் காற்று உள்ளே போய் அரைமணி ஆனதும் மறுபடி அளந்தேன். இரண்டு கோடும் பழையபடி அழகாகப் பிரிந்து வந்தன.

அந்தப் படத்தை அனுப்பினேன். காற்றில் அளந்தது என்று எழுதவில்லை.

உடனே பதில் வந்தது. "பம்ப் சரியாயிருச்சா? தேங்க்ஸ் தம்பி, இப்பத்தான் நிம்மதி."

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் போடவில்லை.