கறை விழாத மேசை

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. கோபத்துல பட்டினி கிடக்காதீங்க.

பொண்ணு விண்ணப்பத்துல எழுதியிருந்த அரசுப் பல்கலைக்கழகத்தை அடிச்சிட்டு, அந்தத் தனியார் கல்லூரிப் பேரை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து வாயைப் பொளந்துட்டீங்க. அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைக்கிறவ நான்! என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவ படிக்க ஆசைப்படுற வேதியியலுக்கு அங்க இருக்கிற ஆய்வுக்கூடத்துல மூணு வருஷமா தூசியைத்தான் துடைக்கிறேன். மேசையில ஒரு கறைகூட விழுந்ததில்லை. அவ கேட்ட இடத்தை நேத்து போய்ப் பார்த்தேன். மேசையெல்லாம் அமிலம் பட்ட கறை. அங்கதான் பிள்ளைங்க படிக்குதுங்க. கட்டணமும் நம்ம சக்திக்குள்ள இருக்கு.

புது விண்ணப்பத்தைக் குடுக்க நானும் அவளும் கிளம்பிட்டோம்.

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுங்க.

சொல்ல மறந்துட்டேன்: பெற்றோர் கையெழுத்தை நானே போட்டுட்டேன். அம்மா போட்டாலும் செல்லுமாம்.