அருணா அக்கா பெயரில் நின்ற மெஷின்கள்

பிப்ரவரி 4, செவ்வாய்

மன்னிக்கணும். டயரி எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. இது மெஷின் விற்கிற கம்பெனி கொடுத்தது. வசந்தகுமார் சாருக்கு இரண்டு வந்தன, ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா ஜெபக் குறிப்பு எழுதக் கேட்டது. கொடுத்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் இன்று மீட்டிங்கில் வாய்வரைக்கும் வந்து சொல்லாமல் விட்டது ஒன்று அப்படியே நிற்கிறது. எங்கேயாவது வைக்கணும்.

எங்கள் கம்பெனியில் காருக்கான பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிறார்கள். ஐ.டி. பிரிவில் சாரும் நானும்தான். பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு டேப்லெட் மாட்டினோம். மெஷின் நின்றால், அதை ஓட்டுகிறவர் வந்து தன் பெயரில் நுழைந்து, எந்த மெஷின் என்று அமுக்க வேண்டும். முன்பெல்லாம் சூப்பர்வைசர் ராபின் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்துவார்கள். அவர் ஞாபகம் இருந்தால் எழுதுவார்.

சார் சொன்னார், "யாரால எவ்ளோ நேரம் நின்னுதுன்னு ஒரு சார்ட் போடும்மா. பெரிய டி.வி.யில ஓடட்டும். பேர் தெரிஞ்சா தானா உஷாராயிடுவாங்க."

பெயர் வேண்டாமே சார் — இதுதான் நான் சொல்லாதது. சொன்னது, "சரி சார்." என் வாயில் முதலில் வருவது எப்போதும் அதுதான்.

பிப்ரவரி 11

சார்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு சிவப்புக் கம்பம் மட்டும் உயர்ந்து நிற்கிறது. மற்றவர்களுடையது தரையோடு தரையாக. "பாத்தியா, டேட்டா பேசுது" என்று சாருக்கு சந்தோஷம்.

அந்தக் கம்பத்தின் பெயர் அருணா.

அருணா அக்கா ஊத்துக்கோட்டைப் பக்கம். கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் வந்து இறங்குகிறவர். நான் சேர்ந்த புதிதில் கேண்டீனில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவேன். ஒருநாள் பின்னாலிருந்து குரல், "இன்னாம்மா, சுவத்துக்கு ஊட்டிக்கினு கீறியா? இப்டி வா." அன்றிலிருந்து மூன்றாம் வரிசைக்காரர்களின் மேசைதான் என் மேசை.

பிப்ரவரி 12

அந்த மேசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலை வலிக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

கான்ட்ராக்ட் ஆட்களை மாதக் கடைசியில் புதுப்பிப்பார்கள். இந்த முறை சிலரை வேலையிலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம். முதல் பெயர் அருணா அக்காவுடையது. ராபின் அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார், "நல்ல பொம்பளதான். டி.வி.யிலயே ஓடும்போது நான் இன்னா பண்றது?"

மதியம் அக்கா அந்த டி.வி. முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மெஷின் கல்பனா, "அக்கா, உனுக்குத்தான்க்கா பெரிய கட்-அவுட்டு. பாலு ஊத்திரலாமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "என் பேர இவ்ளோ பெருசா நான் எங்கயுமே பாத்ததில்ல சுகிர்தா" என்றார்.

அந்த எழுத்தின் அளவைத் தேர்ந்தெடுத்தது நான். தூரத்திலிருந்து தெரியட்டும் என்று.

பிப்ரவரி 21

அக்கா மெதுவாக வேலை செய்கிறவர் இல்லை. ஓட்டமாக ஓடுகிறவர். பிறகு எப்படி? இன்று ஷிப்ட் தொடங்கும்போதே வரிசைக்குப் போய் ஓரமாக நின்றேன்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தரும் டேப்லெட்டைத் தொடவில்லை. தொப்பி கட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்துக் கல்பனா, "சீக்கிரம் வாக்கா, போணி பண்ணு" என்றாள். அக்கா வந்து வலது கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, தன் பெயரைத் தொட்டு, தன் ரகசிய நம்பரைப் போட்டார். அதற்குப் பிறகுதான் மெஷின்கள் ஓடின.

கைராசி! டேப்லெட் வந்த முதல் நாள் வேறு யாரோ திறந்தார்களாம், நாள் முழுக்க அச்சில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டதாம். மறுநாள் அக்கா திறந்தார், எல்லா மெஷினும் ஒழுங்காக ஓடியது. அன்றிலிருந்து கடை திறக்கிற மாதிரி தினமும் அக்கா கை. அதோடு திறந்தது திறந்தபடியே. நாள் பூராவும் யார் மெஷின் நின்றாலும் வந்து அமுக்கிவிட்டுப் போகிறார்கள். எல்லாம் அக்கா பெயரில் ஏறுகிறது.

"அவங்கவங்க பேர்ல போனா என்ன?" என்று கேட்டேன்.

"கிளவுஸக் கழட்டணும், நம்பரு போடணும், அது சுத்திக்கினே இருக்கும். அதுக்குள்ள பீஸு கொறஞ்சிடும். யாரு பேஜாரு படறது?" என்றாள் கல்பனா.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவைத் தனியாகப் பிடித்து, சாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்றேன். தலையாட்டி மறுத்தார். "நம்பரை யாருக்கும் தரக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிக்கீறாங்க. சொன்னா வரிசையே மாட்டும். என்னோட போட்டும்."

"வேலை போயிடும்க்கா."

"தெரியும். தங்கச்சி நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் கீது. ஊட்ல நைனாவுக்கும் முடியல." டப்பாவை மூடினார். "நீயும் வாயத் தொறக்காத."

வாயைத் திறக்காதே என்று என்னிடம் சொல்கிற முதல் ஆள் இவர்தான். மற்றவர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து அம்மா யாரிடமோ, "என் பொண்ணு ஆபீஸ்ல ஒக்காந்துகினே அத்தன மெஷினையும் பாத்துக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மெஷினையா பார்க்கிறேன்?

சொன்னால் வரிசையையே காட்டிக் கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவார். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பதிவாகியிருப்பதை மட்டும் பேச முடியுமா? மாலை லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். அக்கா லீவு போட்ட நாளிலும் அவர் பெயர் ஓடியிருக்கிறது. ஆள் வராவிட்டாலும் ராசி வேண்டும் என்று அவர் நம்பரைப் போட்டுத் திறந்திருக்கிறார்கள் மகராசிகள். சிரிப்பு வந்தது. இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

பிப்ரவரி 26, புதன்

பேசிவிட்டேன்.

ஆலைத் தலைவர் சுப்பராயன் சார், வசந்தகுமார் சார், ராபின் அண்ணன், நான். பட்டியலில் கையெழுத்துப் போட சுப்பராயன் சார் பேனாவைத் திறந்துவிட்டார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்றார்.

"சார், அருணா ஒரே நேரத்துல மூணு மெஷின்ல நின்னிருக்காங்க. லீவு போட்ட அன்னிக்கும் வந்து மெஷினை நிறுத்தியிருக்காங்க."

"அம்மனாம்மா அவங்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ இது யாரோடது?"

"வரிசையோடது சார். நம்ம ஸ்கிரீன் யாருன்னு கேக்குது. எதனாலன்னு கேக்கவே இல்ல. பேரை வச்சுக்கினு மெஷினை ரிப்பேர் பண்ண முடியாது சார்." பதற்றத்தில் எனக்கும் 'கினு' வந்துவிட்டது.

வசந்தகுமார் சார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பராயன் சார் பட்டியலைத் திரும்பப் பார்த்துவிட்டு, "ஒரே நம்பரை எல்லாரும் போட்டிருக்காங்க. அதானே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. "அது தப்புதான், அதுக்கு லெட்டர் போகும். ஆனா இதை வச்சு யாரையும் அனுப்ப முடியாது. வசந்த், இந்தப் பொண்ணு சொல்ற மாதிரி, எதனாலன்னு கேக்குற ஸ்கிரீனை ஒரு வரிசையில போட்டுப் பாருங்க." அக்கா பெயரை அடித்தார்.

படிக்கட்டில் வசந்தகுமார் சார், "என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே" என்றார். நியாயம்தான். "சொல்ல வரல சார்" என்றேன். இரண்டு படி இறங்கி நின்று, "நானும் கேக்கலதான்" என்றார்.

பிப்ரவரி 28

மூன்றாம் வரிசை முழுக்க எச்சரிக்கைக் கடிதம். அக்காவுக்கு வேலை புதுப்பித்த தாளும் எச்சரிக்கையும் ஒரே உறையில்.

கேண்டீனில் கல்பனா, "வாங்க ஆபீஸரம்மா. உங்குளுக்கு லெட்டர் வர்லியா?" என்றாள். அக்கா தன் டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. சொல்லாதே என்றவர். நான் எதைச் சொன்னேன், எதைச் சொல்லவில்லை என்று இவர்களுக்கு எப்படி விளக்குவது?

இன்று சுவருக்கு ஊட்டினேன்.

மார்ச் 6

அவரவர் நம்பரில்தான் திறக்க வேண்டும் என்று உத்தரவு. அக்கா டேப்லெட் பக்கமே வருவதில்லை. அவர் மெஷின் நின்றால் பழையபடி "ராபின் அண்ணா" என்று குரல் கொடுக்கிறார். காலையில் மற்றவர்கள் டேப்லெட் முன்னால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நேற்று இரண்டு மெஷினில் அச்சு ஒட்டிக்கொண்டது. "கை மாறிச்சி இல்ல" என்றாள் கல்பனா, எனக்குக் கேட்கட்டும் என்று.

மார்ச் 10

டி.வி.யிலிருந்து பெயர்களை எடுத்துவிட்டேன். சாரும் நானும் புதுத் திரை போட்டுக்கொண்டிருக்கிறோம். பெயர் இல்லை, நம்பர் இல்லை. பெரிய பெரிய படங்கள் — அச்சு ஒட்டிக்கொண்டது, மூலப்பொருள் தீர்ந்தது, கரண்ட் போனது. கடைசியில் 'தெரியல' என்று ஒரு பொத்தான்.

"எல்லாரும் அதையே அமுக்குவாங்கம்மா" என்றார் சார்.

"அமுக்கட்டும் சார். எங்க போய்ப் பாக்கணும்னு நமக்குத் தெரியும்ல."

கிளவுஸோடு வேலை செய்கிறதா என்று சாரே மாட்டிக்கொண்டு அமுக்கிப் பார்த்தார். வேலை செய்தது. கிளவுஸைக் கழற்றத்தான் தெரியவில்லை. நான் இழுத்துக் கழற்றினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 14

திங்கட்கிழமை மூன்றாம் வரிசையில் தொடக்கம். சுப்பராயன் சாரை வைத்துத் தொடங்கலாமா என்று வசந்தகுமார் சார் கேட்டார். சரி சார் என்று வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். "வேண்டாம் சார், வேற ஒருத்தர் இருக்காங்க" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

எங்கள் ஊர் கவரைப்பேட்டையில் வழக்கமான ரயிலுக்கு முந்தையதைப் பிடித்து, பஸ் வருவதற்கு முன்பே கேட்டில் போய் நின்றேன். அக்கா இறங்கினார். பார்த்தார். தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

"இன்னா, இவ்ளோ காலைல?"

பதினைந்து நாளைக்கு மேல் ஆகிவிட்டது அந்தக் குரல் என்னிடம் பேசி. கூடவே நடந்தேன். புதுத் திரை பெயர் கேட்காது, யார் அமுக்கினாலும் யார் தலையிலும் ஏறாது என்று சொன்னேன். வேகமாகச் சொன்னேனா, உளறினேனா தெரியவில்லை. பாதி வழியில், "நாஷ்டா ஆச்சா?" என்றார். இல்லை என்றேன். "மூஞ்சப் பாத்தாலே தெரீது."

வரிசையில் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். திரையில் படங்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. 'தொடங்கு' என்று பச்சையாக ஒரு பொத்தான். கல்பனா என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். ஒருத்தரும் தொடவில்லை. அக்கா எல்லோருக்கும் பின்னால், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

கேட்டிலிருந்து அவ்வளவு தூரம் கூடவே நடந்து வந்தும் கேட்காமல் வைத்திருந்ததை அங்கே, அத்தனை பேர் நடுவில் கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

"அக்கா, நீங்க போணி பண்ணுங்கக்கா."