ஐந்தாவது வளையம்

அக்கா, நீ போன பிறகு உன் பெட்டியைக் காலி செய்தபோது உன் மகள் ஒரு துணிச் சுருளை என் கையில் வைத்தாள். பிரித்தேன். பழைய கான்வஸ் பட்டை. அதில் வரிசையாகத் தைத்த வளையங்கள். நான்கின் வாய் திறந்திருந்தது. ஐந்தாவது இருபுறமும் தைத்து மூடியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மெழுகு வாடை.

எழுபதுகளின் நடுவில், சுங்கை லாலாங் பக்கம் நீங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அத்தானைக் காவல் படையில் சேர்த்தார்கள். காட்டுக்குள் ஆயுதத்தோடு இருந்த கம்யூனிஸ்டுகளைப் பற்றி எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிய காலம். அவருக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் நான்கு தோட்டாக்களும் கொடுத்தார்கள். தோட்டாக்களைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரப்பர் நிரைகளில் சுற்றியவர், ஒரு நாள் ஒன்றைத் தவறவிட்டுவிட்டார். நீங்கள் இருவரும் சருகுகளைக் கையால் புரட்டித் தேடி எடுத்தீர்கள். அன்றே நீ பழைய பள்ளிக்கூடப் பையை வெட்டி, துப்பாக்கிக் கட்டையில் கட்டும்படி இந்தப் பட்டையைத் தைத்தாய்.

"நாலுதானே குடுத்தாங்க, எதுக்கு அஞ்சு வளையம்?" என்று கேட்டேன்.

"அதுல மெழுகுவத்திடா, தம்பி. மாதா கோயில்ல மந்திரிச்சது. அவரு காட்டோரமா போறாருல்லா?"

திரியும் மெழுகுமாக அந்தத் துண்டைத் தோட்டா நீளத்துக்கு நறுக்கி, வளையத்தில் செருகிக் காட்டினாய். ஆடாமல் நின்றது.

அத்தானின் கூட்டாளிகள் விடவில்லை. "என்னா அண்ணே, சுடப் போறீங்களா, பூசை வைக்கப் போறீங்களா?" என்று சிரித்தார்கள். அதனால்தான் போலீஸ் வந்து துப்பாக்கிகளைச் சோதித்த ஞாயிற்றுக்கிழமை, உனக்குச் சொல்லாமல் மெழுகுவத்தியை எடுத்து மாதா படத்தடியில் வைத்துவிட்டு அவர் திடலுக்குப் போனார். பூசை முடிந்து சுங்கைப் பட்டாணியிலிருந்து உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த நானும் உன்னோடு திடலோரம் நின்றேன்.

சார்ஜன் ஒவ்வொரு துப்பாக்கியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அத்தானிடம் வந்ததும் பட்டையில் விரலை வைத்தார். விரல் காலி வளையத்தில் நின்றது.

"மானா சத்து லாகி?" இன்னொன்று எங்கே?

"எம்பாட் சாஜா, துவான்." நான்குதான், ஐயா என்றார் அத்தான். பக்கத்தில் நின்ற தோட்ட அலுவலகக் கிராணியும் பதிவைப் பார்த்து, கொடுத்தது நான்குதான் என்று சொன்னார். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார்.

கொடுத்தது நான்கு என்றால், ஐந்தாவது எங்கிருந்து வந்தது? இப்போது எங்கே போனது? யாருக்குப் போனது? சார்ஜன் இவற்றைக் கேட்கவில்லை. அத்தானை ஏற்றச் சொல்லி ஜீப்பைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்திகள் எழுதியவன். அனுமதியில்லாத ஒரே ஒரு தோட்டா ஒருவனைத் தூக்குக் கயிறுவரை கொண்டுபோகக்கூடிய காலம் அது என்று எனக்குத் தெரியும். மெழுகுவத்தி என்ற சொல் அவருக்கு அந்த நேரத்தில் மலாயிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

நீ திடலுக்குள் நடந்தாய். ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை உயர்த்தினார். நீ நிற்காமல், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடியே போனாய். "லிலின், துவான். லிலின்" என்றாய், மெழுகுவத்தி என்று. வீட்டைக் காட்டினாய். அந்தப் போலீஸ்காரர் உன்னோடு போனார். கையில் மெழுகுவத்தியோடு திரும்பி வந்தாய்.

அதை நீயே வளையத்தில் செருகினாய். ஆடாமல் நின்றது. சார்ஜன் அதை உருவினார், மறுபடி செருகினார், குனிந்து வளையத்தை முகர்ந்தார். துணிக்குள் மெழுகு படிந்திருந்தது.

"இது எதற்கு?" என்று மலாயில் கேட்டார்.

"பெலுரு ஓராங் பூஞா, துவான். லிலின் டியா பாலேக் பூஞா." தோட்டா மற்றவர்களுக்கு, மெழுகுவத்தி இவர் திரும்பி வருவதற்கு என்றாய்.

அவர் சிரிக்கவில்லை. வளையத்தை மூடித் தைக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

வீட்டுக்கு வந்து உலையில் அரிசியைப் போட்ட பிறகுதான் நீ உட்கார்ந்தாய். "டேய் தம்பி, நான் தச்ச ஓட்டையில அவரு கழுத்து போயிருக்கும்லா." அத்தான் வாசலில் முதுகைக் காட்டி நின்றார். நீ ஊசியை எடுத்தாய். மெழுகுவத்தியை உள்ளே வைத்தே வாயைத் தைத்தாய். அதன் பிறகு உன் வீட்டில் காலியாக எதுவும் இருந்ததில்லை. கொக்கி காலியாக இருந்தால் துணியை மாட்டுவாய். டப்பா காலியானால் உப்பாவது போட்டு வைப்பாய். துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன பிறகும், அத்தான் படுக்கையில் இயல்பாகப் போய்ச் சேர்ந்த பிறகும், உனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. இதை நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதுமில்லை.

பட்டையை இப்போது காரில் வைத்திருக்கிறேன். போன வாரம் பண்டார் பாரு போகும் வழியில் சாலைத் தடுப்பு. பேரன் வயதுப் போலீஸ்காரர், முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியைத் திறக்கச் சொன்னார். பட்டையை எடுத்துப் பார்த்து, மூடிய வளையத்தை அழுத்தினார். உள்ளே கட்டியாக ஏதோ இருப்பது அவர் விரலுக்குத் தெரிந்தது.

"இனி அப்பா, பாச்சிக்?" இது என்ன, பெரியவரே?

நாற்பது ஆண்டு கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் விரித்துக் காட்டினேன், அக்கா, உன்னைப்போல.

"லிலின்" என்றேன்.

முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். போகச் சொல்லிக் கையசைத்தார். எனக்கு கியர் போட வெகுநேரம் பிடித்தது.