உன் நாமக்கல் வாடிக்கைக்காரர்

வாழவந்தி நாடு,
22.8.2004

அன்பு மகன் யுவராஜுக்கு அம்மா பாவாயி எழுதிக்கொண்டது. நம் மலைச்சாமி பெரியசாமி புண்ணியத்தில் நானும் உங்கப்பாவும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம், தில்லியில் நீயும் சுஜிதாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன். இங்கே மழை பரவாயில்லை, மரவள்ளி தழைத்திருக்கிறது, பன்றி வந்து பாதியைக் கிளறாமல் இருந்தால் சரி. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. உன் தங்கை கோகிலவாணி நாமக்கல் கம்ப்யூட்டர் கடை வேலையில் இருக்கிறாள், போன வாரம் வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போனாள். போனில் பேசியிருக்கலாமே என்பாய். சோளக்காடு கடைத்தெரு போன் கடையில் நான் வாயைத் திறந்தால் அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் காது நீளுகிறது, போதாததற்கு உங்கப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு என்ன சொல்றான் என்ன சொல்றான் என்று பிடுங்குகிறார். இதை அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன், மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும்.

நீ போன தடவை போனில் சொன்னதை எல்லாம் கேட்டேன். இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டு நிற்கப் போகிறாயாம். வீட்டிலிருந்தே வியாபாரமாம். கழுத்தில் டை கட்டிய ஒருத்தன் ஓட்டலில் கூட்டம் போட்டுச் சொன்னானாம், மொத்தக் கடையில் சாமான் வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏலம் விட்டால் படுத்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று. அவ்வளவு சுலபமாக வருமானம் வருகிறவன் எதற்கப்பா ஊரைக் கூட்டி உங்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறான்? அவன் வீட்டில் படுத்துக்கொண்டு சம்பாதிக்க வேண்டியதுதானே. டிப்ளமா படித்தாய், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, சுஜிதா பிரசவத்துக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி இருக்கிறது, இதையெல்லாம் உதறிவிட்டு நீ விற்கப் போகிற பொருளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மேசை மேல் வைக்கிற அருவி! பிளாஸ்டிக் பாறை, அதில் மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏறி ஏறி விழுகிறது, அடியில் ஒரு சிவப்பு விளக்கு. ஆகாய கங்கை அருவியில் குளித்து வளர்ந்தவன் கரண்டில் ஓடுகிற அருவியை விற்கக் கிளம்பிவிட்டாய். இந்தக் கூத்துக்கு ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாளாம், படுக்கிற அறை முழுக்கப் பெட்டியாம், நீங்கள் இரண்டு பேரும் சமையலறையில் படுக்கிறீர்களாம். அவள்தான் கோகிலவாணியிடம் சொன்னாளே தவிர என்னிடம் ஒரு குறை சொல்லவில்லை. அவளைத் திட்டாதே.

இன்னும் ஒன்று சொன்னாய், மிளகு அறையைக் காலி செய்து வையுங்கள், தென்னாட்டுக் கிளையை அங்கே போடலாம் என்று. ஏனென்றால் நாமக்கல்லில் உனக்கு ஒரு பெரிய வாடிக்கைக்காரர் கிடைத்திருக்கிறார். அர்த்தனாரி என்று பெயர். நீ எத்தனை அருவி ஏலத்துக்கு வைத்தாலும் விலையைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அவரே எடுக்கிறார், உன்னைப் புகழ்ந்து கம்ப்யூட்டரில் எழுதியும் இருக்கிறார், அதைத் தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாய். தரமான பொருள், நாணயமான ஆள், வேளாவேளைக்குச் சாப்பிடவும் என்று எழுதியிருந்ததாகப் படித்துக் காட்டினாய். ஏன் சாமி, உனக்குக் கொஞ்சமாவது மூளை வேலை செய்கிறதா? கடையில் சாமான் வாங்கியவன் கடைக்காரனைப் பார்த்து வேளாவேளைக்குச் சாப்பிடு என்று உலகத்தில் எங்கேயாவது சொல்லியிருக்கிறானா?

மிளகு அறையில் இடமில்லை. உன் அருவிகள்தான் அடுக்கி இருக்கின்றன. அர்த்தனாரி என்பது கோகிலவாணி வேலை செய்கிற கடை முதலாளியின் பெயர். தங்கை இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாளே, முதலாளி பேர் என்ன என்று நீ ஒருநாளாவது கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பேரும் விலாசமும் மட்டும்தான் அவருடையது. ஏலம் கேட்டது உங்கப்பா.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரில் என் ஏலத்தைப் பார் என்று நீ தங்கையிடம் சொன்னாய், அவளும் அப்பா மிளகு விலை விசாரிக்க நாமக்கல் போனபோது கூப்பிட்டுக் காட்டினாள். அருவி படம், உன் பேர், கீழே இதுவரை யாரும் கேட்கவில்லை என்று போட்டிருந்ததாம். அவ்வளவுதான், மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. நம் மாரியம்மன் நோன்பித் திருவிழாவில் காணிக்கைப் பலாப்பழத்தை ஏலம் விடும்போது என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். ஒரு வீட்டுப் பழத்தைத் தூக்கிக் காட்டி யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அந்த வீட்டுக்கே தலைகுனிவு, அதனால் பங்காளியோ மாமனோ முதல் ஏலக்கேள்வி கேட்டுவிடுவார்கள். நீ முதன்முதலாகச் சுமந்து வந்த பழத்துக்கு உன் மாமன் காளியண்ணன் கேட்டு எடுத்தது ஞாபகம் இருக்கிறதா. கம்ப்யூட்டர் ஏலத்தையும் அப்படியே நினைத்துவிட்டார் இந்த மனுஷன். அந்தப் பெட்டிக்குப் பின்னால் தில்லிக்காரர்கள் எல்லாம் வட்டமாக நின்று உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு எண்ணம். 'நம்ம பையன் பொருளுக்குக் கேள்வி இல்லாமப் போவலாமா, கேளு கண்ணு' என்று கோகிலவாணியைக் கேட்க வைத்திருக்கிறார். இதிலே இன்னொரு கொடுமையைக் கேள். நடுவில் நாக்பூரோ எதுவோ, யாரோ ஒரு புண்ணியவான் உண்மையாகவே ஒரு அருவிக்குக் கேட்டிருக்கிறான். 'எவனோ ஒருத்தன் நம்ம ஊட்டுப் பொருளக் கம்மி வெலைக்கு அடிச்சிக்கிட்டுப் போறதா' என்று உங்கப்பா அவன் மேல் ஏற்றி ஏற்றிக் கேட்டு அவனை விரட்டிவிட்டார். உனக்குக் கிடைத்த ஒரே நிஜ வாடிக்கையை விரட்டியது பெற்ற தகப்பன்.

பஸ் ஏறினால் மலையடிவாரக் காரவள்ளி வருவதற்குள் தலை சுற்றி வாந்தி எடுக்கிற மனுஷன் இதற்காக வாரா வாரம் இறங்கி ஏறியிருக்கிறார். நல்ல விலை வரட்டும் என்று வைத்திருந்த மிளகு மூட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன, கேட்டால் பூச்சி விழுகிறது என்றார். மிளகில் ஏது பூச்சி? பிறகு ஒருநாள் நான் அறையைத் திறந்தால் தார்ப்பாய்க்குக் கீழே அட்டைப்பெட்டிகள், பெட்டி மேல் உன் கையெழுத்து. நான் கத்திய கத்தலில் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அவர் தார்ப்பாயை இழுத்து மூடினார். அப்புறம் மெதுவாக, 'பையன் போன்ல எவ்வளவு சந்தோசமாப் பேசறான் பாத்தியா' என்றார்.

நீ வேலையை விடப் போவது அவருக்கும் பயம்தான், தூங்குவதில்லை. ஏலம் கேட்பதை நிறுத்தினால் உன் முகம் வாடும், நிறுத்தாவிட்டால் நீ வேலையை விடுவாய், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். அதனால் நான் சொல்கிறபடி செய். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே. இன்னும் ஒரே ஒரு தடவை ஏலத்துக்கு வை. உங்கப்பாவை மலையை விட்டு இறங்காமல் பிடித்து வைப்பது என் பொறுப்பு, கோகிலவாணியும் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். நமக்குச் சொந்தமில்லாத ஆள் ஒருவன், முகம் தெரியாதவன், உன் பொருள் வேண்டும் என்று கேட்டு வாங்கட்டும். அப்போது அது வியாபாரம், நானே மிளகு அறையைக் கூட்டி மெழுகி உன் தென்னாட்டுக் கிளைக்கு விடுகிறேன். ஒருத்தரும் கேட்கவில்லை என்றால் பேசாமல் மறுநாள் காலையில் வேலைக்குப் போ. அதில் ஒரு தலைகுனிவும் இல்லை, அங்கே வட்டமாக யாரும் நிற்கவில்லை.

சுஜிதாவைத் தரையில் படுக்க விடாதே, பெட்டி தூக்க விடாதே. கொட்டை நீக்கிய புளியும் கொஞ்சம் தேனும் அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வாங்கிக்கொள். இந்தக் கடிதத்தைப் படித்ததாக அப்பாவிடம் மூச்சு விடாதே. பெரியசாமியும் எட்டுக்கை அம்மனும் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. பாவாயி

எழுத மறந்தது: ஒரு அருவியை மட்டும் பெட்டியை உடைத்து உங்கப்பா கட்டிலருகே வைத்திருக்கிறார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பையன் வியாபாரம் என்று சுவிட்சைப் போட்டுக் காட்டுகிறார். சுவரில் நீ ஒட்டியிருக்கும் தாளைக் கோபத்தில் கிழித்துவிடாதே. தரமான பொருள் என்றது பொய். மற்ற இரண்டும் அவர் யோசித்து யோசித்துச் சொல்லி எழுத வைத்தது.